முழுவிட்டா

சலோமிக்குப் போன் வாங்கிக் கொடுத்தது தண்டம் என்று அன்னாள் இல்லத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். கரிக்கலாம்பாக்கத்தில் நின்று அவள் பேசினால் வில்லியனூரில் இருப்பவருக்கு நேராகவே கேட்டுவிடும், நடுவில் எதற்கு ஒரு டவர் என்பார்கள். சலோமி கோபித்துக்கொள்ள மாட்டாள். நடவுக் கும்பலில் வளர்ந்தவள் அவள். இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குப் பேசிப் பழகிய தொண்டை, சபையில் சேர்ந்த பிறகும் இறங்கவில்லை. ஜெபத்திலும் அப்படித்தான். கர்த்தருக்குக் காது கேட்காது என்று நினைத்துவிட்டாளோ என்று அவள் கணவன் அன்புராஜ் கேலி செய்வான்.

அன்னாள் இல்லம் சபைக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீடு. வாசலில் இலவசத் தையல் பயிற்சி என்று பலகை தொங்கியது. அது பொய்யில்லை, முன்னறையில் நிஜமாகவே மிஷின்கள் ஓடின. உள்ளறை வேறு காரியத்துக்கு. வயிற்றில் பிள்ளையோடு யாரிடமும் வாய்விட முடியாமல் வருகிற பெண்கள் அங்கே உட்கார்ந்து அழுவார்கள். வியாழக்கிழமைகளில் நர்ஸ் கீதாஞ்சலி வந்து பரிசோதனை செய்வாள். சத்துமாவும் மாத்திரையும் கொடுப்பார்கள், பிரசவத்துக்கு யாருமில்லாதவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரிவரை துணைக்குப் போவார்கள். சலோமி அங்கே சம்பளமில்லாத ஊழியக்காரி. துணைக்குப் போகிற ஆள் பெரும்பாலும் அவள்தான்.

அங்கே இருந்த சட்டம் ஒன்றே ஒன்று. இந்தச் சுவரைத் தாண்டி எந்தப் பெண்ணின் சங்கதியும் போகக்கூடாது என்று பாஸ்டரம்மா மாதாமாதம் சொல்வார். சலோமி அந்தச் சட்டத்தை உயிராகக் காப்பாற்றினாள். இத்தனை பெரிய குரலை வைத்துக்கொண்டு அவள் ஒரு பெயரைக்கூட வெளியே விட்டதில்லை என்பது பாஸ்டரம்மாவுக்கே ஆச்சரியம்தான்.

சென்னையிலிருந்து பயிற்சி கொடுக்க வந்தவர்கள், கடைசி மாதவிடாய் எப்போது என்று கேட்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே பெண்கள் ஏதோ அரசாங்க விசாரணை என்று மிரண்டார்கள். அதனால் எல்லோரும் ஊர்ப் பேச்சுக்கே வந்துவிட்டார்கள். முழுவுனியா, முழுவலியா, அவ்வளவுதான் கேள்வி. இந்தப் பக்கத்தில் மாதாமாதம் தலைமுழுகுகிறவள் முழுகுகிறாள், நாள் தள்ளிப்போனவள் முழுகாமல் இருக்கிறாள். கட்டிக்கொடுத்த பெண் முழுகாமல் இருந்தால் வீட்டில் பாயசம் வைப்பார்கள். கட்டிக்கொடுக்காத பெண் முழுகாமல் இருந்தால் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுவார்கள்.

காசம்மாள் அப்படிக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத்தான் பேசினாள். பாகூர் போகிற வழியில் உள்ளே தள்ளியிருந்த ஒரு ஏரிக்கரை ஊர் அவளுக்கு. கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், கழனியெல்லாம் மனையான பிறகு அந்த மனைகளில் எழும்பிய வீடுகளில் பாத்திரம் துலக்கினாள். ஒரே மகள் சுவேதா, சேதராப்பட்டில் ஒயர் கட்டு சேர்க்கிற கம்பெனியில் ஷிப்ட்டு வேலை. கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், கொண்டுவந்து விடும்.

"நாளு தாண்டிப் போச்சும்மா. இன்னும் முழுவல," என்றாள் காசம்மாள். சுவேதா தையல் மிஷின் சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாயை வெளியே உட்காரவைத்துவிட்டு சலோமி அவளிடம் மெல்லக் கேட்டாள். மெல்லப் பேச அவளுக்கும் தெரியும், உள்ளறையில் மட்டும். கம்பெனியில் ஒருத்தன், விழுப்புரம் பக்கத்துக்காரன், இப்போது வேலையை விட்டுவிட்டான், போன் எடுப்பதில்லை. ஒரே ஒரு தடவைதான் அக்கா என்று சொல்லிவிட்டு சுவேதா துப்பட்டா நுனியைக் கடித்தாள். சலோமிக்கு அந்தப் பையன்மேல் வந்த ஆத்திரத்துக்கு, அவன் மட்டும் எதிரில் இருந்திருந்தால் அன்றைக்கு ஊழியம் கெட்டிருக்கும்.

கீதாஞ்சலி பார்த்தாள். சோதனை அட்டையில் ஒரு கோடுதான் வந்தது. ஒன்றுமில்லை என்றுதான் அர்த்தம், ஆனால் சீக்கிரமாகப் பார்த்துவிட்டால் சில சமயம் தெரியாது, அடுத்த வியாழன் வாருங்கள் என்றாள். ரத்தம் கம்மியாக இருக்கிறது, இரவு ஷிப்ட்டு வேறு, பயத்திலேயே தள்ளிப்போகும் என்றும் சொன்னாள். சுவேதாவின் காதில் சில சமயம் தெரியாது என்பது மட்டும்தான் விழுந்தது.

அவளுக்கு அப்பாவை நினைத்துப் பயம். சுப்புராயன் கொத்தனார். சொந்தத்தில் ஒரு பெண் யாரோடோ போய்விட்டபோது, என் வீட்டில் இப்படி நடந்தால் வெட்டிப் போட்டுவிட்டு நானே ஸ்டேஷனுக்கு நடந்து போவேன் என்று டீக்கடையில் நின்று வசனம் பேசியவர். வெட்டுகிற ஆள் இல்லை. கோழி அறுக்கவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவர். இருந்தாலும் சொன்ன பேச்சு ஊரில் நின்றுவிட்டது, மகள் மனதிலும் நின்றுவிட்டது.

"இருந்துச்சுன்னா இன்னாக்கா பண்றது?" என்று சுவேதா கேட்டாள்.

"இருந்துச்சுன்னா எங்கூட வந்து இருடி. பெத்து எங்கிட்ட குடு, நான் வளக்கறேன். உங்கப்பா வந்தா நான் பேசிக்கறேன்."

சுவேதா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். "ஒங்க சத்தத்துக்கு அது எங்கக்கா தூங்கும்," என்றாள்.

போகும்போது காசம்மாளின் போனில் சலோமி தன் எண்ணைப் போட்டு ஒரு தரம் அடித்துப் பார்த்தாள். அந்தப் போன் கீழே விழுந்து விழுந்து, காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது, எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசவேண்டும். எனக்கேத்த போன்தான் என்று சலோமி சிரித்தாள். வீட்டில் ஆம்பிளை இருக்கும்போது கதையெல்லாம் பேச வேண்டாம் என்றும் சொல்லிவைத்தாள். "முழுவிட்டா எனக்கு ஒரு போன் போடு காசம்மா. முழுவிட்டான்னு ஒரு வார்த்த சொன்னா போதும். மத்தத நான் புரிஞ்சுக்கறேன்."

காசம்மாள் பரீட்சைக்குப் போகிற பிள்ளைபோல அதை ஒரு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த வாரம் சலோமி பாதிச் சாப்பாடுதான் சாப்பிட்டாள். காலை வேளையை உபவாசமாக வைத்துக்கொண்டாள். எல்லாப் பெண்களுக்காகவும்தான் ஜெபிப்பாள், ஆனால் இந்தப் பெண்ணின் சிரிப்பு அவளை விடவில்லை. சலோமிக்குப் பிள்ளை நிற்கவில்லை. இரண்டு தரம் வந்து இரண்டு தரமும் போய்விட்டது. அதனால் பிள்ளை வேண்டாம் என்று அழுகிறவளையும் வேண்டும் என்று அழுகிறவளையும் அவளால் ஒரே மாதிரி கட்டிக்கொள்ள முடிந்தது. கர்த்தரிடம் அவள் கேட்டது விசித்திரமாகத்தான் இருந்தது. இருந்தால் எனக்குக் கொடும், இல்லையென்றால் அந்தப் பிள்ளையை முழுக வையும், எதையாவது ஒன்றைச் சீக்கிரம் செய்யும் என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை திருக்கனூரில் முகாம். கனகராஜ் என்கிற மிட்டாய்க் கடைக்காரர், நல்ல மனுஷன், தன் கடைக்கு முன்னால் பந்தல் போட்டுக்கொள்ள விட்டிருந்தார். கர்ப்பிணிகளுக்கு இலவச ரத்த அழுத்தப் பரிசோதனை என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். விழுப்புரம் பஸ் ஒரு பக்கம் ஹாரன் அடிக்க, மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றுகிற லாரி இன்னொரு பக்கம் உறும, சலோமி அத்தனையையும் மீறிக் கூவிக்கூவிப் பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த இடத்துக்கு அவள் குரல்தான் சரி.

அப்போது போன் அடித்தது. காசம்மாள் பெயரைப் பார்த்ததும் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல், யார் யாரோ பேசுகிறார்கள், நடுவில் காசம்மாளின் குரல் தேய்ந்துபோய் வந்தது.

"முழுவிட்டாம்மா... எம்பொண்ணு முழுவிட்டா."

பிறகு அழுகை. சலோமிக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை நாள் அடக்கிவைத்த பயம் எல்லாம் இப்போது அழுகையாக இறங்குகிறது, தாயில்லையா என்று நினைத்தாள்.

"ஸ்தோத்திரம்!" என்று கத்தினாள். "ஸ்தோத்திரம் காசம்மா! அழுவாதே. நான் சொன்னனா இல்லியா, வயித்துல ஒண்ணும் இல்ல. கர்த்தர் கேட்டுட்டாரு. இனிமே அவங்கப்பனுக்குப் பயப்பட வேணாம். நிம்மதியா தூங்கு, அவளயும் தூங்கச் சொல்லு."

அந்தப் பக்கத்து இரைச்சல் சட்டென்று நின்றது. பிறகு இணைப்பு அறுந்துவிட்டது. டவர் போயிருக்கும் என்று சலோமி நினைத்தாள்.

கனகராஜ் கடையில் சூடாக ஜிலேபி பிழிந்துகொண்டிருந்தார்கள். வாங்கிவந்து முகாமில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டவர்களிடம் ஒரு நல்ல சேதி என்று மட்டும் சொன்னாள். சட்டம் சட்டம்தான். கீதாஞ்சலியிடம் மட்டும் கண்ணைக் காட்டினாள், அவளும் புரிந்துகொண்டு சிரித்தாள்.

ஜிலேபி வாயில் இருக்கும்போதே கீதாஞ்சலி தன் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். தையல் வகுப்புக்கு வருகிற பெண் ஒருத்தி, காசம்மாளின் தெருக்காரி, ஸ்டேட்டஸில் ஒரு படம் வைத்திருந்தாள். கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோ, சுற்றிலும் பூ, மேலே கண்ணீர் அஞ்சலி. சுவேதா சிரிக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஏரியில் மூழ்கி என்று போட்டிருந்தது.

சலோமி அதைப் படித்தாள், படித்தாள், படித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் வாயிலிருந்ததைத் தெருவில் துப்பினாள். தண்ணீரில் மூழ்குவதற்கும் அந்த ஊர்ப் பேச்சில் முழுவறதுதான். காசம்மாள் என்ன சொன்னாள் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தான் என்ன சொன்னோம் என்பது இன்னும் கொஞ்சம் கழித்து விளங்கியது. அந்தப் போன் ஸ்பீக்கர் போன் என்பது பஸ்ஸில் போகும்போதுதான் நினைவுக்கு வந்தது, அப்போது வில்லியனூர் வந்திருந்தது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். என்னம்மா, இறங்கணுமா என்று கண்டக்டர் கேட்டார். இல்லை என்று சைகை காட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

ஊருக்குள் போனபோது உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வீட்டின் முன்னால் கூட்டம். சலோமியை அங்கே யாருக்கும் தெரியாது, அதனால் யாரோ கம்பெனிக்காரி என்று வழிவிட்டார்கள். காசம்மாள் தலைவிரிகோலமாகச் சுவரில் சாய்ந்து கிடந்தாள். சலோமி பக்கத்தில் போய், காசம்மா என்று கூப்பிட்டாள். அவ்வளவுதான் அவள் பேசியது.

"இந்தக் கொரல்தான்," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

காசம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்தான் அடக்க முடியாமல் சொன்னாள். யாருக்குச் சொல்லணும் என்று கேட்டதற்குக் காசம்மாள் முதலில் சொன்ன பெயர் சலோமி. அண்ணனுக்கு முன்னால், தங்கச்சிக்கு முன்னால், முதல் போன் அதுதான். நம்பர் போட்டுக் கையில் கொடுத்ததும், அதற்குள்ளேயே ஊர் முழுக்கக் கூடியிருந்ததால், அந்தப் பக்கம் பேசியதை அத்தனை பேரும் கேட்டார்கள்.

சுப்புராயன் உள்ளேயிருந்து வந்தார். வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்தவர், முழங்கைவரை சிமெண்டு காய்ந்து வெளுத்திருந்தது. சலோமியின் எதிரில் வந்து நின்று அவள் முகத்தைப் பார்த்தார். அடிப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடித்திருந்தால் அவளுக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நீதானா அந்த ஸ்தோத்திரம்?" என்று கேட்டார். "வயித்துல ஒண்ணும் இல்லன்னியே. அப்டின்னா இருக்குதுன்னு நெனச்சாங்களா? அவங்கப்பனுக்குப் பயப்பட வேணாம்னியே. பயந்துக்கினு இருந்தாளா?"

இல்லை என்று சொன்னால் பொய், ஆமாம் என்று சொன்னால் இன்னொரு கொலை. அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். அந்தத் தொண்டை அவளைக் கைவிட்டது அதுதான் முதல் தடவை. அவள் நின்ற கோலத்தையே கூட்டம் பதிலாக எடுத்துக்கொண்டது.

அன்று சாயந்தரத்துக்குள் கதை முடிவாகிவிட்டது. வயிற்றில் வாங்கிக்கொண்டு, அப்பனுக்குப் பயந்து, ஏரியில் விழுந்துவிட்டாள். ஐப்பசி மழையில் ஏரி நிறைந்திருந்ததும், கோடையில் யாரோ இரவோடு இரவாக மண் அள்ளிய குழிகள் அந்தத் தண்ணீருக்கடியில் கிணறுகள்போலக் கிடந்ததும் ஊருக்குத் தெரியாததல்ல. ஆனால் குழியைப் பற்றிப் பேசினால் மண் அள்ளியவனைப் பற்றிப் பேசவேண்டும். பெண்ணைப் பற்றிப் பேசுவது சுலபம். வயிற்றில் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டாக்டர் என்ன, சொல்லச் சொன்னதைச் சொல்வார் என்றது ஊர். சூலியாக, வயிற்றுப் பிள்ளையோடு, செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவார்களே, இவளுக்கு நடலாமா கூடாதா என்று டீக்கடையில் ஒருத்தன் கேட்டு, இரண்டு பேர் சிரித்தார்களாம். தையல் வகுப்புப் பெண் வந்து சொன்னாள். அப்பன் வசனம் பேசிய அதே டீக்கடைதான்.

பாஸ்டரம்மா சலோமியைத் திட்டவில்லை. போனை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். கொஞ்ச நாளைக்கு முன்னறையிலேயே இரு, பிள்ளைகளுக்குப் பித்தான் தைக்கக் கற்றுக்கொடு என்றார். சலோமி பித்தான் தைத்தாள். வீட்டில் பேச்சு நின்றுபோனதில் அன்புராஜ் பயந்துபோய், ஏதாவது கத்தேன், வீடு வீடாகவே இல்லை என்று கெஞ்சினான். ராத்திரி ஜெபத்தில் அவள் முழங்காலில் நிற்பாள், ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வராது. ஸ்தோத்திரம் என்று சொல்லாமல் ஜெபத்தை எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆரம்பிக்காமலே எழுந்துவிடுவாள்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து, ஒரு மத்தியானம் காசம்மாள் வந்தாள். தையல் அறை வாசலில் நின்றவளை சலோமிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை, பாதி ஆளாகியிருந்தாள். கையில் ஒரு துணிப் பை. உள்ளறைக்குப் போனதும் அவளே கதவைச் சாத்தினாள்.

பையிலிருந்து ஒரு பெட்ஷீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். நீலப் பூப் போட்டது, துவைத்து மடித்திருந்தது.

"அன்னிக்குக் காலைல வந்துடுச்சும்மா," என்றாள்.

சலோமி அவளையே பார்த்தாள்.

நைட் ஷிப்ட்டு முடிந்து வந்து படுத்தவள், வெயில் ஏறியதும் எழுந்து தாயைக் கூப்பிட்டிருக்கிறாள். பெட்ஷீட் கறையாகியிருந்தது. யம்மா, வந்துடுச்சும்மா என்று சொல்லிச் சிரித்தாளாம், சிரித்துக்கொண்டே அழுதாளாம். காசம்மாள் உடனே போன் போடலாம் என்றதற்கு, வேணாம், சாயந்தரம் நானே அக்காவுக்குச் சொல்றேன், அவங்க கத்தறத நான்தான் கேக்கணும் என்றாளாம். குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. அப்பாவும் இன்னும் வேலைக்குக் கிளம்பாமல் வாசலில் கொத்துக்கரணையைத் தேய்த்துக்கொண்டிருந்தார், அவர் கண்ணில் பெட்ஷீட் படக்கூடாது. ஏரிலயே தொவச்சிட்டு, அங்கயே முழுவிட்டு வந்துடறேம்மா என்று சோப்பும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போயிருக்கிறாள்.

"முழுவத்தாம்மா போனா," என்றாள் காசம்மாள். "அன்னிக்கு ஒங்கிட்ட நான் எதச் சொன்னேன்னு எனக்கே தெரியல. நீ ஒரு வார்த்த சொல்லச் சொன்ன, அதான் வாயில வந்துச்சு. நீ தப்பா ஒண்ணும் கேக்கல. அவ முழுவிட்டுத்தான் முழுவுனா."

சலோமி அந்தப் பெட்ஷீட்டில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சோப்பு வாசனைதான் வந்தது. முன்னறையில் மிஷின்கள் நின்று, மறுபடி ஓட ஆரம்பித்தன.

காசம்மாள் ஆறுதல் சொல்ல வரவில்லை, கேட்க வந்திருந்தாள். சுப்புராயன் வேலைக்குப் போவதில்லை. எம்பொண்ணு எனக்குப் பயந்து செத்துட்டா, நான் பேசுன பேச்சுதான் அவளத் தள்ளிச்சு என்று திரும்பத் திரும்ப அதையே சொல்கிறார். காலையில் வந்த சங்கதியை இவள் எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். என்னத் தேத்தப் பொய் சொல்ற, இத்தினி நாளு எங்கிட்ட மறச்சவதான நீ என்கிறார்.

"ஒன் வாயில வந்தத நம்பிட்டாரு. என் வாயில வர்றத நம்ப மாட்டேங்கறாரு. நீதாம்மா வந்து சொல்லணும்."

சலோமி பாஸ்டரம்மாவிடம் போனாள். சுவரைத் தாண்டிப் பேசப் போகிறேன் என்று சொன்னாள். ஏற்கெனவே தாண்டிவிட்டதே, போய்ச் சரியாகச் சொல்லிவிட்டு வா என்றார் பாஸ்டரம்மா.

அன்றே இருவரும் சேர்ந்து பஸ்ஸில் போனார்கள். வழியெல்லாம் புது மனைகளுக்குக் கல் நட்டு மஞ்சள் அடித்திருந்தது. காசம்மாள் அதில் ஒன்றைக் காட்டி, இங்கதான் நான் களையெடுத்தேன், சுவேதாவ இந்த வரப்புலதான் தூளி கட்டிப் போட்டிருந்தேன் என்றாள்.

சுப்புராயன் வாசலில் ஒரு சிமெண்டுச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. சலோமியைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை, திட்டவுமில்லை. அவள் அவர் எதிரில் மண்ணில் உட்கார்ந்து, அண்ணே என்றாள். உள்ளறைக் குரல்தான் வந்தது. மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள். மகள் கேட்டதையும் தான் கொடுத்த வாக்கையும் சொன்னாள். அந்தக் காலையில் அவள் சிரித்ததைச் சொன்னாள். அவர் தெருவைப் பார்த்தபடியே இருந்தார், கேட்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை.

"அந்தப் பெட்ஷீட்டு கரையில இருந்துதே அண்ணே, நீங்க பாக்கலியா?" என்று கடைசியில் கேட்டாள். "சாவப் போறவ அதத் தொவச்சிப் புழிஞ்சி வச்சிட்டா போவா?"

சுப்புராயனின் தலை திரும்பியது.

"புழிஞ்சி வச்சிருந்துச்சு," என்றார். "நான்தான் எடுத்தாந்தேன். கல்லு மேல முறுக்கி வச்சிருந்துச்சு." கையால் முறுக்குவதுபோல் செய்து காட்டினார். "நல்லா முறுக்கி வச்சிருந்தா. அது எதுக்குன்னு நான் யாரையும் கேக்கல."

"காலம்பறதான் வந்துச்சு அண்ணே. அதத் தொவைக்கத்தான் போனா. குழில கால் வச்சிட்டா."

"எனக்குப் பயந்து சாவலியா?"

"இல்லண்ணே."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "சத்தமா சொல்லு," என்றார்.

சலோமிக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னியே. அந்தக் கொரல்ல சொல்லு."

சலோமி காசம்மாளைப் பார்த்தாள். காசம்மாள் வாசற்படியில் நின்று தலையை ஆட்டினாள். சலோமி எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். இத்தனை நாள் பேசாமல் கிடந்த தொண்டை, முதலில் காற்றுதான் வந்தது. பிறகு வரப்பிலிருந்து வரப்புக்குப் போகிற அந்தக் குரல் வந்தது.

"சுவேதா முழுவிட்டுத்தான் முழுவுனா! வயித்துல ஒண்ணும் இல்ல! அப்பனுக்குப் பயந்து சாவல! தல முழுவப் போனவ, மண்ணு எடுத்த குழில முழுவிட்டா!"

எதிர்வீட்டில் டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. யாரும் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் டிவி சத்தம் பழையபடி ஏறியது. சுப்புராயன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில் இன்னும் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தன.

"இன்னொரு தடவ சொல்லு," என்றார்.

சலோமி சொன்னாள்.